அடுப்புக்கு மேல் தொங்கும் விதை: பூம்பாறையிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால், ஒரு வளைவில் பூம்பாறை கீழே தெரியும். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அவற்றைச் சுற்றி மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு பச்சை. சுற்றுலா வருகிறவர்கள் வளைவில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விவசாயக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் அதோடு திரும்பக் கூடாது. இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடம் அடுப்படி.

விறகடுப்பு எரிகிற வீடுகளில், அடுப்புக்கு நேர் மேலே கம்பு கட்டி, தாளோடு பிடுங்கிய பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே சோறு வேகும், மேலே பூண்டுக்குப் புகை ஏறும். தோல் பழுப்பேறி, தாள் கறுத்து, பார்ப்பதற்கு அழகாக இருக்காது. ஆனால் ஈரம் வற்றி, பூசணம் பிடிக்காமல் மாதக்கணக்கில் கெடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். விற்பனைக்குப் போவது பெரும்பாலும் மலையிறங்கி, பெரியகுளம் பக்கத்திலுள்ள வடுகப்பட்டிச் சந்தைக்குப் போய்விடும். அடுப்புக்கு மேலே தொங்குவதில் ஒரு பகுதி வீட்டுச் சமையலுக்கு, மறு பகுதி அடுத்த போகத்து விதைக்கு.

இரண்டும் ஒரே கம்பில்தான் தொங்கும். ஆனால் குழம்புக்குப் பூண்டு எடுக்கிற பெண்ணின் கை விதைக்கட்டுப் பக்கம் போகாது. அறுவடை அன்றே, வயல் வரப்பில் உட்கார்ந்து, பெரிய பூண்டாக, பல் திரண்டதாக, அடிப்பாகம் கெட்டியாக உள்ளதைப் பார்த்துத் தனியாகக் கட்டிவிடுகிறார்கள். பூண்டு நடவுக்கு ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் விதை வேண்டும். அதை வெளியில் வாங்கினால் அந்தப் போகத்தின் லாபத்தில் பெரும் பங்கு விதைக்கே போய்விடும். அதனால் இங்கே சமையல் போக மிஞ்சியது விதையாவதில்லை. விதைக்கு எடுத்தது போக மிஞ்சியதுதான் சமையலுக்கு.

சமையலறைக் கழிவிலிருந்து காய்கறி முளைக்க வைப்பது இப்போது ஊரெங்கும் பேச்சாக இருக்கிறது. வெங்காயத்தின் அடித்துண்டு, முளைவிட்ட உருளைக்கிழங்கு, கேரட்டின் தலை என்று எதையும் குப்பையில் போடாதீர்கள், நட்டால் காய்க்கும் என்கிறார்கள். வாசகர்களின் கேள்விகளிலும் இது அடிக்கடி வருகிறது: கடையில் வாங்கிய இஞ்சியை நடலாமா, சந்தைப் பூண்டு முளைத்துவிட்டது, வயலில் ஊன்றலாமா? சிலவற்றுக்கு ஆம், சிலவற்றுக்கு இல்லை. எது எங்கே ஆம் என்பதைத் தெரிந்துகொள்ள, பூம்பாறையிலிருந்து கீழே இறங்கும் இந்தப் பாதை நல்ல வழி. சுமார் 1,900 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளி வரை, உயரம் குறையக் குறைய அடுப்படிக் கூடையில் முளைக்கும் பொருளும் மாறிக்கொண்டே வருகிறது.

சாலையோரத்தில் பூண்டு வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

“அக்கா, இதக் கொண்டுபோய் எங்க ஊர்ல நட்டா வருமா?”

“தாளு வரும் தம்பி. பூண்டு வெளையாது.”

அது சரியான பதில். பூண்டுப் பல் எங்கே நட்டாலும் முளைக்கும். அது திரண்டு, பல் பிரிந்து முழுப்பூண்டாவதற்குக் குளிர் வேண்டும். திண்டுக்கல் வெயிலில் நட்டால் தழை மட்டும் வளரும். தழை மட்டமா என்றால் அப்படியும் இல்லை. ஒரு தொட்டியில் பத்துப் பல்லை, தோலை உரிக்காமல், கூர்முனை மேலே இருக்கும்படி ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றினால், மூன்று நான்கு வாரத்தில் ரசத்துக்கும் துவையலுக்கும் தழை கிள்ளலாம். மேலாக அறுத்தால் மறுபடி தழைக்கும். சமவெளி வீட்டுக்குப் பூண்டுச் செடி தருவது இவ்வளவுதான். இதற்கு மேல் எதிர்பார்த்து வயலில் போட்டால் கைநஷ்டம்.

உருளைக்கிழங்கு விஷயம் வேறு. மலையில் கூடையில் கிடக்கும் கிழங்கு முளைவிட்டால், அதை வெட்டி நட வேண்டும் என்று எல்லோருக்கும் கை அரிக்கும். சந்தையில் வாங்கிய கிழங்கை மலை மண்ணில் நடவே கூடாது. காரணம் முட்டைக்கூடு நூற்புழு. 1961-ல் நீலகிரியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புழு, பின்னால் கொடைக்கானல் மலையிலும் தெரியவந்தது. பெண்புழு செத்த பிறகு அதன் உடலே கடுகைவிடச் சிறிய ஒரு கூடாக இறுகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கு வேர் பக்கத்தில் வரும்வரை அவை மண்ணில் காத்திருக்கும், 20 ஆண்டுகள்கூட. கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்விடும். கிழங்கு மூட்டை வந்த சாக்கை உதறும் மண்ணும் அப்படித்தான். தொட்டியில் நட்டால் என்ன என்பார்கள். மலை வீட்டில் தொட்டி மண் கடைசியில் வயலுக்குத்தானே போகிறது?

சமவெளியில் இந்தப் பயம் குறைவு, பலனும் குறைவு. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் உருளைக்கிழங்கில் கிழங்கு பிடிப்பது குறையும். மார்கழிக் குளிரில் தொட்டியில் நாலு கிழங்கு எடுத்தவர்கள் இருக்கலாம், அது குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட ஆகும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: பச்சை பாய்ந்த கிழங்கையும் அதன் முளையையும் மிச்சம் பிடிக்கிறோம் என்று சமைக்கக் கூடாது. அதில் நஞ்சு உண்டு. மாட்டுக்கும் போட வேண்டாம்.

கொடைக்கானலைத் தாண்டி, பெருமாள்மலையிலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் இறங்கினால் காற்றில் குளிர் குறைந்து காப்பிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் வந்துவிடும். இடையிடையே பந்தல்கள். பந்தலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் வெளிர்பச்சையாகச் சௌசௌ தொங்கும். பெங்களூர் கத்தரிக்காய் என்று பேர் எடுத்திருந்தாலும் இதன் பூர்வீகம் மெக்சிகோ.

அடுப்படியிலிருந்து நேராக நிலத்துக்குப் போகிற காய் என்றால் அது இதுதான். சௌசௌவுக்கு ஒரே ஒரு விதை. அது சதைக்குள்ளேயே இருந்து, காய் முற்றியதும் அங்கேயே முளைக்கும். பிரித்தெடுத்து உலர்த்தினால் வீணாகிவிடும். அதனால் விதைக்கடையில் சௌசௌ விதை என்று பொட்டலம் கிடைக்காது. முழுக்காயே விதை. கூடையின் அடியில் மறந்துபோன காயின் அகன்ற பக்கம் பிளந்து, நாக்கு நீட்டியதுபோல முளை வந்திருக்கும். இந்தப் பகுதி வீடுகளில் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள். முற்றிய காய்களை வேண்டுமென்றே நிழலான மூலையில் வரிசையாக வைத்து முளைக்க விடுகிறவர்களும் உண்டு.

நடும் முறை எளிது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு 2 அல்லது 3 முளைத்த காய்களை நட வேண்டும். முளை வரும் அகன்ற பக்கம் மண்ணைத் தொட, காம்புப் பக்கம் சற்று மேலே தெரியும்படி சாய்த்து வைத்தால் போதும். முழுதாகப் புதைத்தால் மழையில் அழுகிவிடும். ஐந்தாறு மாதத்தில் காய் வரும். நன்கு பராமரித்தால் ஒரே கொடி சில ஆண்டுகள் பலன் தரும். சித்திரை வெயில் சுடும் ஊரில் கொடி படரும், காய் நிற்காது. அங்கே இதற்காகப் பந்தல் செலவு செய்வதைவிடப் பீர்க்கன் ஏற்றலாம்.

தாண்டிக்குடிக்குக் கீழே தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கீழ்ப்பழனி மலை ஒரு காலத்தில் விருப்பாட்சி வாழைக்குப் பேர் பெற்றது. அந்த வாழையைச் சாய்த்தது முடிக்கொத்து நோய். நோயுள்ள தோட்டத்துக் கன்றை நல்ல கன்று என்று நம்பி அடுத்த தோட்டத்தில் நட, கன்றோடு நோயும் போனது. அசுவினி மீதியைப் பரப்பியது. சமையலறைக் கழிவைப் பற்றிப் பேசும்போது வாழை எதற்கு என்று தோன்றலாம். நடுகிற பொருளோடு நோயும் சேர்ந்து வரும் என்பதற்கு இந்த மலையில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. பொடி விதையைவிடக் கிழங்கு, தண்டு, கன்று இவற்றில்தான் தாய்ச்செடியின் நோய் அதிகமாகத் தொற்றி வருகிறது. அடுப்படியில் முளைக்கிறவை எல்லாம் அநேகமாக இந்த ரகம்தான்.

கொண்டையூசி வளைவுகள் முடிந்து சித்தரேவு, ஐயம்பாளையம் வந்தால் மருதாநதி அணையின் ஈரமும் தென்னந்தோப்பும். இங்கே வீட்டுக் கொல்லைகளில் குளியல் தண்ணீர் ஓடுகிற இடத்தில் சேப்பஞ்செடி யானைக்காது போல விரிந்து நிற்கும். சமையலுக்கு வாங்கிய சேப்பங்கிழங்கில் சின்னதாக, மூக்கு முளைத்ததாக நாலைந்தை எடுத்து ஊன்றியதில் வந்தவைதான் பல. கழிவுநீர் தேங்காமல் உறிஞ்சவும் ஆயிற்று, ஆறேழு மாதத்தில் கிழங்கும் ஆயிற்று. சர்க்கரைவள்ளியும் அப்படியே. முளைத்த கிழங்கை மண்ணில் படுக்கவைத்தால் கொடி வரும். அந்தக் கொடியில் ஒரு அடி நீளத்துக்கு வெட்டி நட வேண்டும், கிழங்கையே நடுவது வீண். துளை விழுந்த கிழங்காக இருந்தால் உள்ளே கூன்வண்டு இருக்கும். அதை மண்ணில் காட்டவே கூடாது.

இஞ்சிக்கு இந்த அளவு தாராளம் ஆகாது. கடை இஞ்சி பெரும்பாலும் மண் போகக் கழுவி, வாரக்கணக்கில் காய்ந்து, கண் குருடாகி வந்திருக்கும். பருத்த கண் உள்ள துண்டு கிடைத்தால், 20 முதல் 25 கிராம் அளவில் குறைந்தது ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகு வைகாசியில் சாக்குப் பையில் நடலாம். வீட்டுக்கு வேண்டிய பச்சை இஞ்சி அதிலிருந்து கிடைக்கும். வயலுக்கு மட்டும் அந்தத் துண்டு போகக் கூடாது. கிழங்கழுகலும் பாக்டீரியா வாடலும் பார்வைக்கு நல்ல கிழங்கிலும் ஒளிந்திருக்கும். பையில் வளரும் இஞ்சி திடீரென்று வாடினால் ஒரு சோதனை செய்யலாம். தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் நீரைத் தொடும்படி பிடித்தால், பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடத்தில் பால்போல ஒரு இழை கீழே இறங்கும். இறங்கினால் அந்தப் பை மண்ணைத் தோட்டத்தில் கொட்டாமல், செடியோடு அப்புறப்படுத்த வேண்டும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே வரி: கடை மஞ்சள் முளைக்காது. அது வேகவைத்துக் காயப்போட்டுப் பாலிஷ் செய்தது, உயிர் எப்போதோ போய்விட்டது. ஆனால் பொங்கல் பானையில் கட்டுகிறோமே மஞ்சள் கொத்து, அது உயிருள்ளது. மாட்டுப் பொங்கல் முடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் அது குப்பைக்குப் போகிறது. அதன் கிழங்கைத் தாளிலிருந்து வெட்டியெடுத்து, நிழலில் காய்ந்த மணலில் புதைத்து வைத்து, வைகாசி, ஆனியில் நட்டால் அடுத்த தைக்கு வீட்டிலேயே கொத்து இருக்கும். சந்தையில் ஒரு கொத்து விற்கிற விலைக்கு இது சின்ன காரியம் இல்லை.

திண்டுக்கல்லைத் தொட்டு மேற்கே திரும்பினால் ஒட்டன்சத்திரம். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரளாவுக்குப் போகும் லாரிகளில் மூட்டை ஏறிக்கொண்டே இருக்கும். கழித்துப் போடுகிற தழையும் தண்டும் ஓரத்தில் குவியும், ஆடுகள் மேயும். புதினாக் கட்டில் இலை கிள்ளிய பிறகு எறிகிற தண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு, வல்லாரைக் கொடி மூன்றுக்கும் கணுவில் வேர் பிடிக்கும் குணம் உண்டு. புதினாத் தண்டை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ்க்கணு இரண்டிலும் இலையை நீக்கி, தண்ணீரில் வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால், ஒரு வாரம் பத்து நாளில் வேர் தெரியும். பிறகு அரைநிழலில் நட வேண்டும். தினமும் சமையலுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போகிற காசு இதில் நிற்கும். கழிவிலிருந்து வளர்ப்பதில் உண்மையான மிச்சம் இந்தச் சின்னக் கீரைகளில்தான்.

கேரட் தலையைத் தட்டில் தண்ணீர் விட்டு வைத்தால் தழைக்கும், ஆனால் அதிலிருந்து இன்னொரு கேரட் வராது. முட்டைக்கோஸ் அடித்தண்டு நாலு சிறு தளிர் விடும், முழுக்கோஸ் ஆகாது. கறிவேப்பிலைக் காம்பை ஊன்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், பழத்து விதையோ வேர்க்கன்றோதான் அதற்கு வழி. சந்தைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதன் விதையில் வரும் செடி தாயைப்போல இருக்கும் என்று நம்ப முடியாது. கொத்தமல்லிக்கு வேரோடு கூடிய கட்டை நடுவதைவிட, அஞ்சறைப் பெட்டியில் வறுக்காமல் இருக்கும் மல்லியை இரண்டாகத் தேய்த்து உடைத்துத் தூவுவது மேல்.

இந்தப் பக்கத்துக்கே உரியது சின்ன வெங்காயம். அடுப்படியில் முளைத்த ஒரு வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றினால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனதும் அது நாலைந்தாகப் பிரிந்திருக்கும். நடுவில் தாளும் கிள்ளிக்கொள்ளலாம். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மண்டியில் முளைவிட்டுக் கிடக்கும் மூட்டையும் விதையாகத் தெரிவது இயல்பு. ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். விலை ஏறிய ஆண்டில் விதைக்கு வைத்ததையும் விற்றுவிட்டு, நடவு நேரத்தில் மண்டி மூட்டையை வாங்கி ஊன்றிய குடும்பங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் குறைவில்லை. அதில் பல ஊர் வெங்காயம் கலந்திருக்கும். எந்த வயலில் அடியழுகல் இருந்தது என்று கேட்க ஆள் இருக்காது. நட்ட முப்பதாம் நாள் தாள் மஞ்சளாகி, பிடுங்கினால் வேரில்லாமல் கையோடு வரும்போதுதான் கணக்கு புரியும். விதைக்கும் உழவுக்கும் களைக்கும் கொடுத்த பணம் கடனாக நிற்கும்.

பூம்பாறையில் அடுப்புக்கு மேலே தொங்குகிற கட்டு எதுவோ, அதுதான் இங்கே வெங்காயப் பட்டறை. தரையிலிருந்து உயர்த்தி, பக்கத்தில் காற்று போக மூங்கில் படலும் மேலே கூரையும் வைத்துக் கட்டுகிறார்கள். விதைக்கு என்று பட்டறையில் ஒரு பக்கத்தை அறுவடை நாளிலேயே பிரித்துவிட வேண்டும். வயலில் நோய் தெரிந்த பாத்தியைத் தொடாமல், நல்ல பாத்தியில் நடுத்தரப் பருமனாகவும் கழுத்து ஒடுங்கியதாகவும் உள்ளதை எடுக்க வேண்டும். தாள் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டறையில் ஏற்ற வேண்டும். பிடுங்கிய வெங்காயம் உடனே முளைக்காது, இரண்டு மூன்று மாத உறக்கம் அதற்குத் தேவை. மாசி, பங்குனியில் எடுத்தது ஐப்பசி நடவு வரைக்கும் கிடக்க வேண்டும் என்பதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறி, அழுகியதைப் பொறுக்கி வெளியே எடுக்க வேண்டும். நடும் முன் கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியும் 5 கிராம் சூடோமோனாஸும் கலந்து விதைநேர்த்தி செய்ய வேண்டும்.

இவ்வளவு நாள் பட்டறை காக்க முடியாதவர்களுக்குக் கோ 5 ரகம் இருக்கிறது. சின்ன வெங்காயத்திலேயே பூத்து விதை பிடிக்கும் ரகம் அது. நாற்று விட்டு நடலாம். 600 கிலோவுக்குப் பதில் சில கிலோ விதையோடு வேலை முடியும். நாற்றங்காலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஐப்பசி நடவுக்குப் புரட்டாசி தொடக்கத்திலேயே விதை கையில் இருக்க வேண்டும்.